ஐ5, 8 ஜிபி, எஸ்எஸ்டி... கம்ப்யூட்டர் பெட்டிக்குள் யாருக்கு என்ன வேலை?

பிளஸ் டூ ரிசல்ட் வந்து, கல்லூரியில் இடமும் கிடைத்துவிட்டால் பல வீடுகளில் அடுத்த பெரிய செலவு கம்ப்யூட்டர்தான். அப்பாவும் பிள்ளையும் கடைக்குப் போகிறார்கள். "சார், இது ஐ5, 16 ஜிபி, 512 எஸ்எஸ்டி. இது ஐ3, 8 ஜிபி, 1 டிபி ஹார்டு டிஸ்க். எது எடுக்கட்டும்?" என்று கடைக்காரர் மூச்சு விடாமல் சொல்கிறார். அப்பா பிள்ளையைப் பார்க்கிறார். பிள்ளை கடைக்காரரைப் பார்க்கிறது. "நீங்களே நல்லதா ஒண்ணு சொல்லுங்க" என்று விஷயம் முடிந்துவிடுகிறது.

இன்னொரு பக்கம், வீட்டில் ஏழெட்டு வருடமாக உழைக்கும் பழைய கம்ப்யூட்டர். ஆன் செய்துவிட்டுப் போய் காபி போட்டுக் குடித்து வந்தாலும் தயாராகியிருக்காது. "இது அவ்வளவுதான், தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொல்வார்கள். உண்மையில் அதற்குள் ஒரே ஒரு பாகம் மட்டும் களைத்துப் போயிருக்கும். அதை மாற்றினால் இரண்டு மூன்றாயிரம் ரூபாயில் முடிய வேண்டிய வேலைக்கு, நாற்பதாயிரம் ஐம்பதாயிரம் செலவாகிறது.

இந்த இரண்டு இடத்திலும் ஏமாறாமல் இருக்க இன்ஜினீயரிங் படித்திருக்க வேண்டியதில்லை. பெட்டிக்குள் இருக்கும் ஏழெட்டுப் பாகங்கள் எவை, எதற்கு என்ன வேலை என்று தெரிந்தால் போதும்.

'சிபியு' என்பது பெட்டி அல்ல!

மேஜைக்கு அடியில் நிற்கும் பெட்டியைத்தான் நம்மில் பெரும்பாலோர் 'சிபியு' என்கிறோம். அந்தப் பெட்டியின் பெயர் கேபினட். உண்மையான சிபியு, அதாவது பிராசஸர், அதற்குள் ஒரு பெரிய தபால்தலை அளவுக்கு உட்கார்ந்திருக்கும் சில்லு.

ஒரு தையல் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். துணியை வெட்டித் தைக்கிற தையல்காரர்தான் பிராசஸர். அவர் முன்னால் இருக்கும் மேஜை, ரேம். துணிகளையெல்லாம் அடுக்கி வைத்திருக்கும் அலமாரி, ஹார்டு டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. வேலைக்கு எடுக்கும் துணி அலமாரியிலிருந்து மேஜைக்கு வரும். வேலை முடிந்ததும் அலமாரிக்குப் போகும். கம்ப்யூட்டரில் நடப்பதும் இதுதான்.

பிராசஸருக்குத் தெரிந்ததெல்லாம் கூட்டுவது, கழிப்பது, இரண்டு எண்களை ஒப்பிடுவது, ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு மாற்றுவது போன்ற எளிய வேலைகள்தான். ஆனால், அதைச் செய்யும் வேகம்தான் மலைக்க வைக்கும். '3 ஜிகாஹெர்ட்ஸ்' என்றால் அதன் கடிகாரம் வினாடிக்கு 300 கோடி முறை துடிக்கிறது என்று அர்த்தம். 'கோர்' என்பது உள்ளே எத்தனை தையல்காரர்கள் இருக்கிறார்கள் என்ற கணக்கு. நான்கு கோர் என்றால் நான்கு பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கிறார்கள்.

1971-ல் இன்டெல் நிறுவனம் '4004' என்ற பிராசஸரை வெளியிட்டது. ஜப்பானின் பிசிகாம் என்ற கால்குலேட்டர் நிறுவனத்துக்காக உருவாக்கப்பட்டது அது. அதில் இருந்த டிரான்சிஸ்டர்கள், அதாவது குட்டி மின் சுவிட்சுகள், சுமார் 2,300. 1993-ல் வந்த பென்டியத்தில் 31 லட்சம். அந்த பென்டியத்தை உருவாக்கியதில் முக்கியப் பங்கு வகித்தவர், புனேவில் பிறந்த வினோத் தாம். 2020-ல் ஆப்பிள் வெளியிட்ட எம்1 சில்லில் இருந்தவை 1,600 கோடி!

கடையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஐ3, ஐ5, ஐ7 என்பதில் எண் பெரிதாக இருந்தால் வேகமும் கூடுதல் என்பது ஒரே தலைமுறைக்குள் மட்டும்தான் பொருந்தும். அதற்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 'ஐ7 4770' என்றால் 4-ம் தலைமுறை. 'ஐ3 12100' என்றால் 12-ம் தலைமுறை. பத்து வருடத்துக்கு முந்தைய அந்த ஐ7-ஐ விட இந்த ஐ3 வேகமாக ஓடும். "செகண்ட் ஹேண்ட்ல ஐ7 சார், பாதி விலை" என்று யாராவது சொன்னால், முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "எந்த ஜெனரேஷன்?"

பிராசஸரின் எதிரி, வெப்பம். அதற்காகத்தான் அதன் தலைக்கு மேல் உலோகத் தகடும் ஃபேனும் இருக்கின்றன. தூசி படிந்து காற்றோட்டம் தடைபட்டால் பிராசஸர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பை மெத்தை மீதும் தலையணை மீதும் வைத்து வேலை பார்த்தால், அடியில் இருக்கும் காற்றுத் துளைகள் அடைபட்டு இதே கதிதான்.

ரேம்: மேஜை பெரிதாக இருந்தால் வேலை சுலபம்

கம்ப்யூட்டரில் திறந்து வைத்திருக்கும் ஒவ்வொன்றும் ரேமில்தான் இடம் பிடிக்கிறது. பிரவுசரில் இருபது டேப், பின்னணியில் பாட்டு, நடுவில் ஒரு ஆன்லைன் கிளாஸ் என்று போனால் மேஜை நிரம்பிவிடும். அப்போது கம்ப்யூட்டர் சில பொருள்களை அலமாரிக்குத் தற்காலிகமாக மாற்றி, தேவைப்படும்போது மறுபடி எடுத்து வரும். இந்த அலைச்சலைத்தான் நாம் 'ஹேங் ஆகுது' என்கிறோம்.

கரன்ட் போனதும் டைப் செய்தது ஏன் காணாமல் போகிறது? காரணம் ரேமின் அமைப்பு. ஐபிஎம் நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டு 1968-ல் காப்புரிமை பெற்ற யோசனைதான் இன்றைய ரேமுக்கு அடிப்படை. ஒவ்வொரு துளித் தகவலையும் ஒரு டிரான்சிஸ்டரும், மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் ஒரு சின்ன கெப்பாசிட்டரும் சேர்ந்து வைத்துக்கொள்கின்றன. அந்தக் கெப்பாசிட்டர் ஓட்டைக் குடம் மாதிரி. மின்சாரம் கசிந்துகொண்டே இருக்கும். அதனால் வினாடிக்குப் பல முறை மறுபடி மறுபடி நிரப்பியாக வேண்டும். நிரப்புவது நின்றதும் குடம் காலி. 'அடிக்கடி சேவ் பண்ணு' என்று சொல்வது இதற்காகத்தான். சேவ் செய்வது என்றால், மேஜையில் இருப்பதை எடுத்து அலமாரியில் பத்திரப்படுத்துவது.

இன்றைய தேதியில் 4 ஜிபி ரேம் திணறும். வீட்டு உபயோகத்துக்கும் பள்ளிப் படிப்புக்கும் 8 ஜிபி தேவை. இன்ஜினீயரிங், டிசைன், வீடியோ எடிட்டிங் என்றால் 16 ஜிபி. பிறகு கூட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தால், வாங்கும்போதே ஒரு கேள்வி கேட்டுவிடுங்கள்: "எக்ஸ்ட்ரா ஸ்லாட் இருக்கா, இல்லை போர்டிலேயே சால்டர் பண்ணிட்டாங்களா?" மெலிதான லேப்டாப்கள் பலவற்றில் ரேமைப் பலகையோடு பற்றவைத்துவிடுகிறார்கள். பிறகு கூட்டவே முடியாது. டிடிஆர்3, டிடிஆர்4, டிடிஆர்5 என்று ரேமில் வகைகளும் உண்டு. ஒன்றின் இடத்தில் இன்னொன்று பொருந்தாது.

அலமாரியில் இருப்பது நம் குடும்பம்

மற்ற எந்தப் பாகம் போனாலும் நஷ்டம் பணம் மட்டும்தான். ஹார்டு டிஸ்க் போனால், மகளின் முதல் பிறந்தநாள் போட்டோவும் தாத்தாவின் குரல் பதிவும் சேர்ந்து போகும். அதனால் இந்தப் பாகத்தைச் சற்றுக் கூடுதலாகத் தெரிந்துகொள்வது நல்லது.

1956-ல் ஐபிஎம் வெளியிட்ட 'ராமாக்' என்ற கம்ப்யூட்டரில்தான் முதல் ஹார்டு டிஸ்க் வந்தது. 24 அங்குல விட்டம் கொண்ட 50 வட்டுகள். எடை ஒரு டன்னுக்கு மேல். அதில் சேமிக்க முடிந்தது சுமார் 50 லட்சம் எழுத்துகள். இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு நல்ல போட்டோவே அதை நிரப்பிவிடும்.

இன்றைய ஹார்டு டிஸ்க்கும் அதே தத்துவம்தான். உள்ளே காந்தப் பூச்சு பூசிய வட்டுகள் நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுற்றுகின்றன. அவற்றுக்கு மேலே, தொட்டும் தொடாமலும், தலைமுடியின் தடிமனைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த இடைவெளியில் ஒரு முனை மிதந்தபடி எழுதுகிறது, படிக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது தட்டினாலோ கீழே போட்டாலோ அந்த முனை வட்டில் உரசிக் கீறிவிடும்.

எஸ்எஸ்டி அப்படியல்ல. அதில் சுற்றுவதற்கு எதுவும் இல்லை, எல்லாம் சில்லுகள். ஜப்பானின் தோஷிபா நிறுவனத்தில் ஃபுஜியோ மசுவோகா 1980-களில் கண்டுபிடித்த ஃபிளாஷ் மெமரிதான் அதற்கு அடிப்படை. பென்டிரைவிலும் உங்கள் போனிலும் இருப்பது அதே வகைதான். ஒவ்வொரு ஃபைலையும் தேடி முனை நகர வேண்டிய அவசியம் இல்லாததால், எஸ்எஸ்டி பல மடங்கு வேகம். பழைய கம்ப்யூட்டரில் ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால், இரண்டு மூன்று நிமிடம் எடுத்துக்கொண்ட இயந்திரம் பெரும்பாலும் அரை நிமிடத்துக்குள் தயாராகிவிடும். 'தூக்கிப் போடுங்க' என்று தீர்ப்பு சொல்லப்பட்ட பல கம்ப்யூட்டர்களுக்கு மறுவாழ்வு தருவது இந்த ஒரே மாற்றம்தான்.

512 ஜிபி என்று வாங்கி வந்தது, ஆன் செய்து பார்த்தால் 476 ஜிபி என்று காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரோ என்று பதற வேண்டாம். தயாரிப்பாளர்கள் ஒரு ஜிபி என்பதை 100 கோடி பைட் என்று கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 1,024-ன் மடங்காகக் கணக்கிடுகிறது. வித்தியாசம் கணக்கில்தானே தவிர, பொருளில் இல்லை.

ஹார்டு டிஸ்க்கிலிருந்து 'டிக்... டிக்...' என்று வழக்கமில்லாத சத்தம் வந்தால், அது கிளம்பப் போகிறது என்று அர்த்தம். ஃபார்மட் செய்து பார்க்கலாமா, ரீஸ்டார்ட் செய்து பார்க்கலாமா என்ற பரிசோதனையெல்லாம் வேண்டாம். திரும்பக் கிடைக்காத போட்டோக்கள் அதில் மட்டும்தான் இருக்கின்றன என்றால், உடனே நிறுத்திவிட்டு டேட்டா ரெக்கவரி தெரிந்தவரிடம் கொண்டுபோவதுதான் பாதுகாப்பு. எஸ்எஸ்டி இன்னும் மோசம். பல நேரம் சத்தமே இல்லாமல் போய்விடும். முக்கியமான எதையும் இரண்டு இடத்தில் வைத்திருப்பதுதான் ஒரே வழி.

மதர்போர்டும் ஒரு குட்டி பேட்டரியும்

இவர்கள் எல்லோரையும் இணைக்கும் பெரிய பச்சை அல்லது கறுப்புப் பலகைதான் மதர்போர்டு. ஒரு பாகம் இன்னொன்றோடு பேச வேண்டுமானால் இதில் இருக்கும் மெல்லிய செம்புக் கோடுகள் வழியாகத்தான் பேச வேண்டும். எந்த பிராசஸர் பொருந்தும், எந்த ரேம் பொருந்தும் என்பதை முடிவு செய்வதும் இதுதான்.

இதில் ஒரு ரூபாய் நாணயம் போல ஒரு பேட்டரி இருக்கும். பெயர் 'சிஆர்2032'. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் தேதியும் நேரமும் ஓடிக்கொண்டிருப்பதற்குக் காரணம் இதுதான். சில வருடங்களில் இது தீர்ந்துபோகும். அப்போது கம்ப்யூட்டர் ஒவ்வொரு முறையும் பழைய தேதியைக் காட்டும். தேதி தவறாக இருந்தால் வங்கி இணையதளம் முதல் பல தளங்கள் 'பாதுகாப்பானது அல்ல' என்று மிரட்டும். "வைரஸ் வந்துடுச்சு" என்று சர்வீஸுக்குத் தூக்கிக்கொண்டு போகும் முன், கடிகாரத்தைப் பாருங்கள். சில பத்து ரூபாய் பேட்டரியில் பிரச்னை தீர்ந்துவிடலாம்.

யாரும் கவனிக்காத எஸ்எம்பிஎஸ்

வீட்டுக்கு வருவது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரம். கம்ப்யூட்டரின் பாகங்களுக்குத் தேவையோ 12, 5, 3.3 வோல்ட் நேர்திசை மின்சாரம். அதை மாற்றிக் கொடுப்பது எஸ்எம்பிஎஸ் என்ற பெட்டி. லேப்டாப்பில் இந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்வது சார்ஜர்.

அசெம்பிள்டு கம்ப்யூட்டர் வாங்கும்போது பிராசஸருக்கும் கிராபிக்ஸ் கார்டுக்கும் தாராளமாகச் செலவு செய்துவிட்டு, பட்ஜெட் இடித்ததும் கை வைப்பது இந்த எஸ்எம்பிஎஸ்ஸில்தான். மட்டமான எஸ்எம்பிஎஸ் போகும்போது மதர்போர்டையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகக்கூடும். மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊர்களில் யுபிஎஸ்ஸும் அவசியம். அது தரும் பத்து நிமிடத்தில் சேவ் செய்து முறையாக அணைத்துவிடலாம்.

கேபினட்டைத் தொட்டால் 'சுர்'ரென்று இருக்கிறதா? அது கம்ப்யூட்டரின் கோளாறாக இல்லாமல், வீட்டின் எர்த் இணைப்பில் உள்ள குறையாக இருக்கலாம். எலக்ட்ரீஷியனை அழைத்து உடனே பார்க்கச் சொல்லுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் ஒருபோதும் நீங்களாகத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெப்பாசிட்டர்களில் ஆபத்தான மின்சாரம் தேங்கியிருக்கும்.

கண்ணும் கையும்

மானிட்டரில் தெரியும் படத்தை வரைவது கிராபிக்ஸ் பகுதி. பெரும்பாலான பிராசஸர்களுக்குள்ளேயே அது இருக்கிறது. சினிமா பார்க்க, பாடம் படிக்க, கணக்கு வழக்கு பார்க்க அதுவே தாராளம். பெரிய கேம்கள், 3டி டிசைன், வீடியோ எடிட்டிங் போன்றவற்றுக்குத்தான் தனி கிராபிக்ஸ் கார்டு.

மவுஸை உலகுக்குக் காட்டியவர் அமெரிக்காவின் டக்ளஸ் ஏங்கல்பர்ட். 1968-ல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மாநாட்டில் அவர் அதை இயக்கிக் காட்டினார். 1964-ல் செய்த முதல் மாதிரியின் உடல் மரத்தால் ஆனது. கீபோர்டில் தமிழுக்கும் ஒரு கதை உண்டு. 1999-ல் சென்னையில் நடந்த 'தமிழ்நெட் 99' மாநாட்டை ஒட்டி வந்ததுதான் 'தமிழ் 99' விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடது கைக்கும் மெய்யெழுத்துகள் வலது கைக்கும் வரும்படி அமைந்த அதைப் பழகியவர்களின் வேகமே தனி.

உங்கள் போனுக்குள்ளும் இவர்கள்தான்

இதைப் படித்துக்கொண்டிருக்கும் போனிலும் பிராசஸர், ரேம், ஃபிளாஷ் மெமரி, மதர்போர்டு எல்லாமே உண்டு. '8 ஜிபி, 128 ஜிபி' என்று போன் விளம்பரத்தில் வருவதில் முன்னது மேஜை, பின்னது அலமாரி. ஒரே வித்தியாசம், போனில் ரேமையோ உள் சேமிப்பையோ மாற்ற முடியாது. மேஜைக் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் மாற்றலாம். லேப்டாப் இரண்டுக்கும் நடுவில்.

2011-ல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டம்தான் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்தது. அவற்றில் பல இன்று பரணில் தூங்குகின்றன. அந்தக் காலத்து லேப்டாப்கள் பலவற்றில் ஸ்க்ரூவைக் கழற்றி ரேமையும் டிஸ்க்கையும் மாற்ற முடியும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. 8-ம் தலைமுறைக்கு முந்தைய இன்டெல் பிராசஸர்கள் பெரும்பாலானவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. அதனால் அந்த இயந்திரங்கள் செத்துவிட்டதாக அர்த்தம் இல்லை. உபுண்டு போன்ற இலவச லினக்ஸ் மென்பொருளைப் போட்டால், தட்டச்சு பழகவும் பாடம் படிக்கவும் வீட்டுக் குழந்தைக்குப் போதும்.

என்ன நோய்... எங்கே சந்தேகம்?

விண்டோஸில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். அதில் சிபியு, மெமரி, டிஸ்க் என்று சதவிகிதம் காட்டும். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் எது 100-ஐ ஒட்டி நிற்கிறதோ, முதல் சந்தேகம் அதன் மேல்தான்.

* ஆன் ஆகவே பல நிமிடம் ஆகிறது, டிஸ்க் எப்போதும் 100 சதவிகிதம்: ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டிக்கு மாறலாம்.
* நாலைந்து டேப் திறந்ததும் ஹேங் ஆகிறது: ரேம் போதவில்லை.
* அரை மணி நேரம் ஓடியதும் சூடாகித் தானாக அணைகிறது: தூசி, ஃபேன், பிராசஸர் மேல் பூசியிருக்கும் தெர்மல் பேஸ்ட்.
* தேதி, நேரம் மாறிக்கொண்டே இருக்கிறது: மதர்போர்டு பேட்டரி.
* சுவிட்சைப் போட்டால் எந்த அசைவும் இல்லை: பிளக், கேபிள், எஸ்எம்பிஎஸ்.
* ஃபேன் சுற்றுகிறது, 'பீப்' சத்தம் வருகிறது, திரையில் எதுவும் இல்லை: ரேம் சரியாக உட்காராமல் இருக்கலாம்.

இந்தச் சந்தேகத்தோடு சர்வீஸ் சென்டருக்குப் போய், "ரேம் பிரச்னையா இருக்குமோ, செக் பண்ணிச் சொல்லுங்க" என்று கேட்டால் கிடைக்கும் பதிலே வேறு மாதிரி இருக்கும். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

விடைகொடுக்கும்போது

ஒரு நாள் அந்தப் பெட்டிக்கு விடை கொடுக்கத்தான் வேண்டும். விற்பதற்கோ எக்ஸ்சேஞ்சுக்கோ கொடுக்கும் முன், டிஸ்க்கைக் கழற்றி எடுத்துவிடுங்கள். 'டெலீட்' செய்வது, புத்தகத்தின் பொருளடக்கத்தைக் கிழிப்பது போலத்தான். ஹார்டு டிஸ்க்கில் பக்கங்கள் அப்படியே இருக்கும். ஆதார் நகலும் வங்கிக் கணக்கு விவரமும் அடுத்தவர் கைக்குப் போக அது போதும்.

உடைந்ததைக் குப்பையில் போட வேண்டாம். பலகைகளில் காரீயம் போன்ற நச்சு உலோகங்கள் உண்டு. எரித்தால் அந்தப் புகையைச் சுவாசிப்பது பக்கத்துத் தெருக் குழந்தைதான். 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மின்னணுக் கழிவு விதிகளின்படி, பழைய பொருள்கள் மறுசுழற்சிக்குப் போவதை உறுதி செய்யும் பொறுப்பு தயாரிப்பு நிறுவனங்களுக்கும் உண்டு. அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையில் கேட்டால் எங்கே ஒப்படைக்கலாம் என்று சொல்வார்கள்.

அதற்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கேபினட்டின் உலோகப் பகுதியைத் தொட்டு உடலில் உள்ள நிலைமின்சாரத்தை இறக்கிவிட்டு, பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பக்கவாட்டு மூடியைத் திறந்து பாருங்கள். எது மேஜை, எது அலமாரி, தையல்காரர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று அவர்களே கண்டுபிடிக்கட்டும். அப்படியே ஒரு பெயின்ட் பிரஷ்ஷால் தூசியையும் தட்டிவிடலாம்.